கராமத்து முதல் கிரமத் வரை

ஒரு மொழி பிறிதொரு மொழியிடமிருந்து சொல்லைக் கடன் பெறும்போது ஒலியையும் பொருளையும் மட்டும் பெறுவதில்லை. அச்சொல்லைத் தம் நாவில் சுமந்து வந்த மக்களின் வாழ்வும் இழப்பும் அதனுள் உறைந்து கிடக்கின்றன. அகராதி அதனை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். வரலாற்றை நாடுவோர் அவ்வாறு கடந்துவிட இயலாது.

ஆங்கில மொழி தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலிருந்து பெற்ற சொற்களுட் சில உலகறிந்தவை. நெடும்பயணத்தைக் குறிக்கும் 'டிரெக்', அதிரடிப் படையினரைக் குறிக்கும் 'கமாண்டோ' என்பன அத்தகையவை. 1948இல் ஆட்சிக்கு வந்தோர் நிறவெறியைச் சட்டமாக்கியபோது 'அபார்தைட்' என்ற சொல்லும் அம்மொழியிலிருந்தே ஆங்கிலத்திற்குச் சென்று உலகெங்கும் இழிபெயர் பெற்றது. இவற்றோடு அதிகம் அறியப்படாத வேறொரு சொல்லும் அதே வழியில் ஆங்கிலத்தை அடைந்துள்ளது. அது 'கிரமத்' என்பதாகும். கேப் டவுன் நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் அடங்கியிருக்கும் முஸ்லிம் இறைநேசர்களின் அடக்கத்தலம் என்பது அதன் பொருள். 1996இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட, தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தின் வரலாற்றுமுறை அகராதியில் இச்சொல் இடம்பெற்றிருக்கிறது.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இது அயற்சொல் அன்று. நாம் 'கராமத்து' என்று வழங்குவதே அது. ஆயின் நம்மிடையே இறைநேசரிடம் வெளிப்படும் அற்புதத்தைக் குறிக்கும் சொல், அங்கே ஓர் இடத்தின் பெயரானது எங்ஙனம்? வெள்ளையரின் மொழி என்று உலகம் கருதும் ஆஃப்ரிகான்ஸுக்குள் அது நுழைந்தது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் வேர்

காஃப், ரா, மீம் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்தது 'கராமா'. கண்ணியம், மேன்மை, கொடை என்பன அவ்வேரின் அடிப்படைப் பொருள்கள். கரீம், இக்ராம், முகர்ரம், தக்ரீம் ஆகியன யாவும் அதன் கிளைகளே. ஆதமுடைய மக்கள் அனைவரையும் தான் கண்ணியப்படுத்தியதாக இறைவன் அறிவிக்கும் திருவசனத்திலும் (17:70) இவ்வேரே ஆளப்பட்டுள்ளது. இன்றைய அரபு வழக்கில் 'கராமா' என்றால் மனித மாண்பு என்பதே முதற்பொருள்.

அகீதா நூல்களில் இச்சொல் ஒரு கலைச்சொல்லாக அமைந்தது. நபிமார்களிடம், தங்கள் நுபுவ்வத்தை நிறுவும் அறைகூவலோடு வெளிப்படுவது முஃஜிஸாத். அத்தகைய வாதமின்றி இறைநேசரிடம் வெளிப்படும் வழக்கத்திற்கு மாறான நிகழ்வு கராமத். மர்யம் (அலை) அவர்களின் தொழுமிடத்தில் உணவு காணப்பட்டதையும் (3:37), சபா நாட்டு அரசியின் அரியணை கண்ணிமைக்கும் நேரத்தில் கொண்டுவரப்பட்டதையும் (27:40) உலமாக்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். முஃதஸிலாக்கள் இதனை மறுத்தனர். அஹ்லுஸ் ஸுன்னத்தினர் ஏற்றனர் என்பதை இமாம் நஸஃபீ (ரஹ்) அவர்களின் 'அகாயித்' ஓதிய மாணவர் அறிவர். இங்கு ஒன்று நோக்கத்தக்கது. இக்கலைச்சொல்லுக்கும் 'அற்புதம்' என்பது நேர்ப்பொருள் அன்று. 'இறைவன் தன் அடியாருக்கு அளித்த கண்ணியம்' என்பதே நேர்ப்பொருள்.

இறுதியில் ஒலிக்கும் 'த்' பற்றியும் ஒரு சொல். அரபியில் நிறுத்தி ஓதும்போது 'ஹா'வாகும் வட்டத் தா, பாரசீகத்திலும் அதன் வழிப்பட்ட மொழிகளிலும் பெரும்பாலும் 'த்' என்றே நிலைத்துவிட்டது. பரக்கத்து, ஷரீஅத்து, ஜமாஅத்து என நாம் ஒலிப்பது இம்முறை பற்றியே. மலாய் மொழியிலும் 'பெர்காத்', 'கெராமத்' என இதே வடிவம் காணப்படுகிறது. இந்துமாக் கடலின் இரு கரைகளிலும் ஒரே கல்வி மரபும் ஒரே வணிக மரபும் உலவியதன் தடயங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

மலாயில் விரிந்த பொருள்

மலாய் மொழி இச்சொல்லை ஏற்றபோது அதன் பொருள் பெரிதும் விரிந்தது. கராமத்து உடைய பெரியாரும் 'கெராமத்' ஆனார். அவர் அடங்கிய தலமும் 'கெராமத்' ஆனது. அதற்கும் அப்பால், புனிதமென மக்கள் நம்பிய மரமும் பாறையும் விலங்கும்கூட அப்பெயர் பெற்றன. இஸ்லாத்திற்கு முந்திய நம்பிக்கைகள் சில அரபுப் பெயர் சூடிக்கொண்டு தொடர்ந்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மலாய் நாடுகளிலிருந்த ஆங்கிலேயரும் இச்சொல்லை நேரே அம்மொழியிலிருந்து பெற்றனர். 1866இல் மறைந்த ஹபீப் நூஹ் (ரஹ்) அவர்களின் சிங்கப்பூர் அடக்கத்தலம் இன்றும் 'கெராமத்' என்றே அழைக்கப்படுகிறது. அங்குப் பழைய ஆங்கில நூல்கள் சில 'கிரமத்' என்றும் எழுதியிருப்பதால், எழுத்துக்கூட்டு ஒன்றைக் கொண்டு இவ்விரு வழிகளைப் பிரித்தறிய இயலாது. பொருளே அவற்றைப் பிரிக்கிறது. மலாய் வழிவந்த சொல் பெரியாரையும் மரத்தையும் கல்லையும் தழுவி நிற்கும். ஆஃப்ரிகான்ஸ் வழிவந்த சொல்லோ அடக்கத்தலத்தை மட்டுமே குறிக்கும். பரந்த பொருள் அங்கே ஒன்றாகக் குறுகியது.

விலங்கோடு வந்த சொல்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் நன்னம்பிக்கை முனையில் தன் குடியேற்றத்தை நிறுவியது. அக்குடியேற்றத்திற்கு உழைப்பாளர் தேவைப்பட்டனர். 1652 முதல் 1808 வரை ஏறத்தாழ 63,000 பேர் அடிமைகளாக அங்குக் கொண்டுவரப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. ஜாவா, சுலவேசி முதலான தீவுகளிலிருந்தும், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றிலிருந்தும், மடகாஸ்கர், மொசாம்பிக் பகுதிகளிலிருந்தும் அவர்கள் வந்தனர். தந்தையின் பெயரும் குலப்பெயரும் பறிக்கப்பட்டு, வந்த இடமே பெயரின் பின்பகுதியாக ஒட்டப்பட்டது. 'வங்காளத்து இன்னார்', 'சோழமண்டலத்து இன்னார்' என்றே பதிவேடுகள் அவர்களைக் குறிக்கின்றன.

அடிமைகளோடு மற்றொரு சாராரும் வந்தனர். கீழைத் தீவுகளில் டச்சு ஆதிக்கத்தை எதிர்த்த அரசகுடும்பத்தினரும் மார்க்க அறிஞர்களும் நாடு கடத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டனர். அவருள் முதன்மையானவர் மக்காஸரைச் சேர்ந்த ஷைகு யூஸுஃப் (ரஹ்). 1626இல் பிறந்த இவர் மக்கா, மதீனா முதலிய இடங்களில் பயின்று, பாந்தன் நாட்டில் டச்சுக்காரரை எதிர்த்துப் போரிட்டார். 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கும் அவரது செல்வாக்குக் குறையவில்லை. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்புவோர் இலங்கையில் தங்கி, அவர் எழுதியவற்றைத் தம் தாயகத்திற்குக் கொண்டு சென்றனர். இதனை அறிந்த கம்பெனி 1694இல் அவரை நன்னம்பிக்கை முனைக்கே அனுப்பியது. குடும்பத்தாரும் சீடர்களுமாக ஏறத்தாழ 50 பேர் உடன் வந்தனர். நகரிலிருந்து விலகிய ஸாண்ட்ஃப்ளீட் என்ற பண்ணையில் அவர் குடியமர்த்தப்பட்டார். பிறரோடு கலவாதிருக்கவே இவ்வேற்பாடு. ஆயினும் தப்பியோடிய அடிமைகள் அவரைத் தேடி வந்தனர் என்பது கேப் முஸ்லிம்களின் மரபு. 1699இல் அவர் மறைந்தார். 1705இல் அவரது எச்சங்கள் தாயகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது. ஆகவே சுலவேசியிலும் கேப்பிலும் அவருக்கு அடக்கத்தலங்கள் உள்ளன. கேப்பில் அவர் வாழ்ந்த பகுதி இன்றும் 'மக்காஸர்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

பொருள் ஏன் குறுகியது?

மலாயில் இத்துணை விரிந்திருந்த சொல், கேப்பில் அடக்கத்தலம் என்னும் ஒரே பொருளில் நிலைத்தது ஏன்? அக்காலச் சட்டநிலையே இதற்கு விடையளிப்பதாகத் தோன்றுகிறது. கம்பெனியின் ஆட்சியில் இஸ்லாத்தை வெளிப்படையாகப் பின்பற்றவோ பரப்பவோ அனுமதி இல்லை. மீறுவோருக்கு மரண தண்டனை வரை விதிக்கச் சட்டம் இடந்தந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பள்ளிவாசல் எழவில்லை. வழிபாட்டுரிமை சட்டப்படி வழங்கப்பட்டது 1804இல்தான். பள்ளிவாசல் இல்லாத ஊரில், மக்கள் தமக்குரியது என்று சுட்டிக்காட்டக்கூடிய இடம் எது? மலைச்சரிவில், மரநிழலில், கற்கள் அடுக்கப்பட்ட ஒரு பெரியாரின் கப்ருதான். சொந்த நிலமும் சொந்தப் பெயரும் இல்லாதவர்களுக்கு அந்த ஆறடி நிலமே அடையாளமாயிற்று. சொல்லின் பொருள் ஓரிடத்தில் சென்று ஒடுங்கியதற்கு இதுவே காரணமாதல் கூடும்.

இவ்விடத்தில் நம் வழக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். இறைநேசர் அடங்கிய இடத்தை நாம் 'தர்கா' என்கிறோம். அது பாரசீகச் சொல். அரசவை, வாயில் என்பது பொருள். 'ஸியாரம்' என்றும் நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வழங்குகிறோம். சென்று காணுதல் என்ற செயலின் பெயர் அது. நாளடைவில் இடத்திற்கு ஆகிவந்தது. 'மஸார்' என்பதும் அவ்வேரின் வழிவந்த இடப்பெயரே. இவற்றுள் ஒன்று வாயிலைக் கருதிற்று. மற்றவை வருவோரைக் கருதின. கேப் மக்களோ அடங்கியிருப்பவருக்கு இறைவன் அளித்த கண்ணியத்தைக் கருதிப் பெயரிட்டனர். மனிதரைச் சரக்காக எழுதிவைத்த பதிவேடுகளின் ஊரில், அம்மனிதர் தம் தலைவரின் மண்ணறைக்கு 'கண்ணியம்' என்று பெயர் சூட்டியிருந்தனர்.

அடக்கத்தலங்களை ஸியாரத் செய்வதன் ஒழுங்குகள் பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாடுகள் கேப் முஸ்லிம்களிடையேயும் உண்டு. ஆயினும் அவ்விடங்கள் தம் முன்னோரின் நினைவிடங்கள் என்பதில் அங்கே எத்தரப்பாரும் வேறுபடுவதில்லை.

அரபு எழுத்தில் ஆஃப்ரிகான்ஸ்

இச்சொல் ஆஃப்ரிகான்ஸுக்குள் நுழைந்தது என்பதைவிட, ஆஃப்ரிகான்ஸ் உருவானபோதே உடனிருந்தது என்பது பொருந்தும். டச்சுக்காரரின் மொழி அடிமைகளின் சமையலறையிலும் தச்சுப் பட்டறையிலும், பூர்வகுடிகளான கோய் மக்களின் நாவிலும் புழங்கி மாறியதன் விளைவே ஆஃப்ரிகான்ஸ். 'மிகுதி' எனப் பொருள்படும் 'பாயி' என்ற அன்றாடச் சொல்லும், வாழைப்பழத்தைக் குறிக்கும் 'பிசாங்' என்பதும், தட்டைக் குறிக்கும் 'பீரிங்' என்பதும் மலாய் வழிவந்தவை. ஊறுகாய்க்கு வழங்கும் 'அட்யார்', இலங்கைத் தமிழர் சொல்லும் அச்சாறுதான். கேப் முஸ்லிம்கள் 'தயவுசெய்து' என்பதற்குச் சொல்லும் 'கானாலா', 'அல்லாஹ்வுக்காக' எனப் பொருள்படும் மலாய்த் தொடரின் சுருக்கம். விருந்திலிருந்தும் மௌலிதிலிருந்தும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தின்பண்டத்தை அவர்கள் 'பரக்கத்' என்பர்; நம்மூர் நார்சாவை ஒத்தது அது.

தமிழும் இவ்வரிசையில் உண்டு. ஆஃப்ரிகான்ஸில் படுக்கைக்குரிய 'காதெல்' என்ற சொல் நம் கட்டிலே. மாட்டு வண்டிக்குள் பொருத்தும் படுக்கையைக் குறித்து 'கார்டெல்' என ஆங்கிலத்திலும் அது வழங்கியது. போர்ச்சுக்கீசியர் வழியாகவோ மலாய் வழியாகவோ அது அங்குச் சென்றிருத்தல் வேண்டும்.

எழுத்து வரலாறு இதனினும் வியப்பூட்டுவது. திதோர் தீவின் அரசகுடும்பத்தைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு காழீ அப்துஸ்ஸலாம் 1780இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு ராபன் தீவில் அடைக்கப்பட்டார். 'துவான் குரு' எனப் போற்றப்படும் இவர் திருக்குர்ஆனை நினைவிலிருந்தே எழுதினார். 1781இல் 'மஃரிஃபத்துல் இஸ்லாம் வல் ஈமான்' என்ற நூலை யாத்தார். இமாம் ஸனூஸீ (ரஹ்) அவர்களின் அகீதா அதில் இடம்பெற்றுள்ளது. 1793இல் விடுதலை பெற்ற பின் டார்ப் தெருவில் மதரஸா நடத்தினார். அத்தெருவில் எழுந்த அவ்வல் பள்ளிவாசலே அந்நாட்டின் முதற்பள்ளி. அதற்குரிய இடம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இலங்கையைச் சேர்ந்த கோரிடோன் என்பவரின் குடும்பத்திற்குச் சொந்தமாயிருந்தது. 1807இல் மறைந்த துவான் குருவின் கிரமத் 'தானா பாரு' மையவாடியில் உள்ளது. 'புதுநிலம்' என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள்.

இத்தகைய மதரஸாக்களில் முதலில் மலாயும் பின்னர் ஆஃப்ரிகான்ஸும் பாடமொழியாயின. அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி, ஆஃப்ரிகான்ஸை அரபு எழுத்தில் எழுதினர். நம் முன்னோர் அரபுத்தமிழுக்குச் செய்ததும் இதுவே. உஸ்மானியப் பேரரசு அனுப்பி 1863இல் கேப்பை அடைந்த அபூபக்ர் எஃபெந்தி எழுதிய 'பயானுத் தீன்' என்ற ஃபிக்ஹு நூல் 1877இல் இஸ்தன்பூலில் அச்சாயிற்று. ஆஃப்ரிகான்ஸ் மொழி. முழுக்க அரபு எழுத்து. வெள்ளையர் தம் மொழி இயக்கத்தைப் பார்ல் நகரில் தொடங்கியதோ 1875இல்தான். இத்தகைய நூல்கள் எழுபதுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. கேப் முஸ்லிம் அறிஞர் அக்மத் டேவிட்ஸ் தம் வாழ்நாள் ஆய்வால் இவ்வுண்மையை நிலைநாட்டினார்.

1925இல் ஆஃப்ரிகான்ஸ் ஆட்சிமொழியானது. பின்னர் அது ஒடுக்குவோரின் மொழியாகவே அறியப்பட்டது. அம்மொழியைப் பள்ளிகளில் திணித்ததை எதிர்த்தே 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோ மாணவர்கள் வீதிக்கு வந்து துப்பாக்கிக் குண்டுகளை ஏற்றனர். அவர்களின் சினம் நியாயமானது. ஆயினும் அம்மொழியை முதலில் சமைத்தோருள் அடிமைகளும் இருந்தனர் என்பதும் மறுக்கவொண்ணா உண்மை. 'அபார்தைட்' என்ற சொல்லைத் தந்த அதே மொழி 'கிரமத்' என்ற சொல்லையும் தந்தது. ஒன்றைத் தந்தவர் வேறு, மற்றொன்றைத் தந்தவர் வேறு.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் வழக்கு

ஆங்கிலத்தில் 'கிரமத்' என்ற சொல் இன்று வழிகாட்டிப் பலகைகளிலும் நிலப்படங்களிலும் நாளிதழ்களிலும் காணப்படுகிறது. ஆங்கில முறைப்படி 'ஸ்' சேர்த்துப் பன்மையாக்கப்படுகிறது. ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் கிரமத்களுக்குச் சென்று வருதல் கேப் முஸ்லிம்களின் மரபு. ஈஸ்டர் விடுமுறையில் ஷைகு யூஸுஃப் அவர்களின் தலத்தருகே குடும்பங்கள் கூடாரமிட்டுத் தங்குவதும் நெடுநாளைய வழக்கம். நகரைச் சுற்றி இத்தலங்கள் ஒரு வட்டமாக அமைந்து அதனைக் காத்து நிற்கின்றன என்னும் நம்பிக்கையும் பரவலானது. ராபன் தீவிலும் ஒன்று உண்டு. ஸெய்யித் அப்துர்ரஹ்மான் மதூரா என்பாரின் அவ்வடக்கத்தலக் கட்டடம் 1969இல் எழுந்தது. நெல்சன் மண்டேலா அதே தீவில் கைதியாயிருந்த காலம் அது.

இச்சொல் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் ஏறியது. அட்லாண்டிக் கடலை நோக்கிய மலைச்சரிவில் உள்ள அவுடெக்ரால் என்னும் நிலத்தில் புதிய குடியிருப்பு நகரம் அமைக்க 1957இல் மாகாண நிர்வாகி இசைவளித்தார். அந்நிலத்தில் கிரமத்களும் கப்ருகளும் இருந்தன. அவற்றின் சமய, பண்பாட்டு மதிப்பைக் கருதாமலே இசைவு வழங்கப்பட்டது. நிறவெறி ஆட்சி முஸ்லிம்களைத் தம் வீடுகளிலிருந்து பெயர்த்தெறிந்த காலத்தில் அவர்தம் கப்ருகளை யார் கருதப்போகின்றனர்? பின்னாளில் உரிமையாளர் கட்டடப் பணிகளுக்கு முனைந்தபோது வழக்கு எழுந்தது. 2004இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்தலங்களைக் கருத்திற்கொள்ளாது வழங்கிய அந்த இசைவு சட்டப்படி செல்லத்தக்கதன்று எனக் கண்டது. ஆயினும் முறையாக நீக்கப்படும்வரை அதன் விளைவுகள் நிலவும் என்றும் கூறியது. 2009இல் மற்றொரு தீர்ப்பின் வழி அவ்விசைவு முடிவாக நீங்கிற்று. அந்நாட்டின் நிர்வாகச் சட்டம் பயிலும் மாணவர் எவரும் இவ்வழக்கைப் பயிலாமல் இருப்பதில்லை. 2021இல் கேப் பகுதியின் கிரமத்கள் பல தேசிய மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

ஒரு காலத்தில் அடிமைகள் மட்டுமே அறிந்திருந்த சொல் நாட்டின் உயர்ந்த நீதிமன்றங்களுள் ஒன்றின் ஏட்டில் இடம்பெற்றது. வேறு ஆங்கிலச் சொல்லால் அதனைப் பெயர்த்திருக்கக் கூடாதா எனின், கூடாது. 'கல்லறை' என்றால் அதன் புனிதம் புலப்படாது; 'கோவில்' போன்ற சொல் அதன் சமயத்திற்குப் பொருந்தாது. பெயர் இருந்தமையால்தான் அவ்விடம் இன்னதெனச் சுட்ட முடிந்தது. சுட்ட முடிந்தமையால்தான் காக்க முடிந்தது.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியல் சாசனம் மனித மாண்பை ஒவ்வொருவருக்கும் உள்ளார்ந்த உரிமையாக அறிவிக்கிறது. அரபியில் அதனைச் சொல்ல வேண்டின் 'கராமா' என்றே சொல்ல வேண்டும். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் விலங்கிடப்பட்டோர் அந்நாட்டுக் கரையில் கொண்டு இறக்கியதும் அச்சொல்லைத்தான்.

நம் கடற்கரை ஊர்களின் மூதாட்டியரிடமும் பழைய அரபுத்தமிழ் ஏடுகளிலும் இத்தகைய சொற்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் பேசுவோர் குறைந்து வருகின்றனர். ஏடுகளைச் செல் அரிக்கிறது. கேப் முஸ்லிம்களுக்கு ஓர் அக்மத் டேவிட்ஸ் வாய்த்தார். நம் சொற்களை ஊர்தோறும் கேட்டு எழுதிவைக்கும் பணியை நம் அரபுக் கல்லூரிகளும் தமிழ்த் துறைகளும் இணைந்து மேற்கொள்ளுமாயின், நம்மவர் எக்கடலைக் கடந்தனர், எவரோடு வாழ்ந்தனர் என்பதை அச்சொற்களே நமக்கு எடுத்துரைக்கும்.